கட்டட மரமும் சோதனைக் கூடமும்

மும்பையின் கிழக்குப் பகுதியில், செம்பூருக்கும் டிராம்பேக்கும் அருகே அமைந்துள்ள அணுசக்தி நகர், அணுசக்தித் துறையில் பணிபுரிவோரின் குடியிருப்பாகும். அதனை ஒட்டியுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 1954-இல் டிராம்பே அணுசக்தி நிறுவனமாகத் தொடங்கப்பெற்று, 1967-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அணு உலைக்குச் செல்லும் குழாயாயினும், வால்வாயினும், பற்றவைப்பாயினும் சோதித்துச் சான்று பெற்ற பின்னரே பொருத்தப்படும் என்பது அத்துறையின் அடிப்படை விதி. ஒரு பொருளின் மீது நம்பிக்கை வைப்பதற்கு முன் அதனை அளந்து பார்க்க வேண்டும் என்பதே இவ்விதியின் சாரம்.

வீட்டுக் கூரையைத் தாங்கும் மர உத்தரத்துக்கு நம் நாட்டில் பெரும்பாலும் இத்தகைய சான்று எதுவும் கிடையாது. தச்சர் தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு, இழையோட்டத்தைக் கண்டு சொல்லும் சொல்லே சான்று. தச்சரின் அனுபவ அறிவு மதிப்புக்குரியது. பல தலைமுறைகளாக நம் வீடுகளைக் காத்து வந்ததும் அதுவே. ஆயினும் ஆறு மாடி, பத்து மாடிக் கட்டடங்களை மரத்தால் எழுப்பும் தொழில்நுட்பம் உலகில் பரவி வரும் இக்காலத்தில் அந்த அறிவு மட்டும் போதாது. இத்தகைய கட்டுமானத்துக்குத் தேவையான ஆராய்ச்சி, சோதனை வசதிகள் யாவை, அவற்றுள் நம்மிடம் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய மரக் கட்டுமானம் என்பது யாது?

பழைய முறையில் ஒரு பெரிய உத்தரம் வேண்டுமாயின் ஒரு பெரிய மரத்தை வெட்ட வேண்டும். புதிய முறையில் அவ்வாறன்று. சிறு பலகைகளை உலர்த்தி, குறைகளை நீக்கி, பசையிட்டு ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கி அழுத்தினால் எவ்வளவு பெரிய உத்தரத்தையும் செய்யலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ ஹெட்சர் 1906-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பலகைகள் யாவும் ஒரே திசையில் அமையும் இதனைப் பசையடுக்கு உத்தரம் எனலாம்.

1990-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இதன் அடுத்த படி உருவாயிற்று. ஓர் அடுக்கின் பலகைகள் நெடுக்காகவும், அடுத்த அடுக்கின் பலகைகள் குறுக்காகவும் அமையுமாறு மாற்றி மாற்றி ஒட்டுவதால் கனமான, அகன்ற பாளம் கிடைக்கிறது. இக்குறுக்கடுக்குப் பாளமே சுவராகவும் தளமாகவும் பயன்படுகிறது. ஒட்டுப்பலகை செய்யும் தத்துவம் இதற்கும் பொருந்தும். அங்கு மெல்லிய மரத் தகடு, இங்கு தடித்த பலகை என்பதே வேறுபாடு. 2009-இல் லண்டனில் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்று இம்முறையில் கட்டப்பெற்றது. 2019-இல் நார்வே நாட்டில் 18 மாடிகளுடன் 85 மீட்டர் உயரத்தில் மியோஸ்டோர்னெட் கட்டடமும், 2022-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 25 மாடிகளுடன் 86 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அசென்ட் கட்டடமும் எழுந்தன.

இவற்றின் மீது உலகம் ஆர்வம் கொள்வதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு கனமீட்டர் மரம் 500 கிலோகிராம் எடையுள்ளதாயின் அதில் ஏறத்தாழ 250 கிலோகிராம் கரிமம் உண்டு. மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து ஈர்த்த 900 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான கரியமில வாயுவுக்கு இது சமம். கட்டடம் நிற்கும் வரையில் அது காற்றில் கலப்பதில்லை. சிமெண்ட், எஃகு ஆகியவற்றின் உற்பத்தியிலோ கரியமில வாயு பெருமளவில் வெளியேறுகிறது. எனினும் இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நடப்பட வேண்டும். கட்டடம் நீண்ட காலம் நிற்க வேண்டும். பத்தாண்டுகளில் கறையான் அரித்துவிடும் கட்டடத்தால் காற்றுக்கும் நன்மையில்லை, குடியிருப்போருக்கும் நன்மையில்லை. ஆதலால் சுற்றுச்சூழல் பயனும் இறுதியில் சோதனையையே சார்ந்து நிற்கிறது.

நம் நாட்டின் முன்னோடி முயற்சிகள்

மரச் சோதனை நமக்குப் புதியதன்று. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் 1906-இல் நிறுவப்பெற்றது. இந்திய மர வகைகளை வளைத்தும், அழுத்தியும், பிளந்தும், மோதியும் பார்த்து அவற்றின் பண்புகளை அந்நிலையம் பல பத்தாண்டுகளாகத் தொகுத்து வந்துள்ளது. ஒவ்வொரு மரத்தின் தகுதியையும் தேக்குடன் ஒப்பிட்டு, தேக்கை 100 எனக் கொண்டு எண்ணால் குறிக்கும் முறை அங்கு உருவானதேயாகும். தேக்கை மட்டுமே நம்பியிருந்த கட்டடத் தொழிலுக்குப் பிற மரங்களை அறிமுகப்படுத்த இந்த எளிய எண் பெரிதும் உதவிற்று.

மரப் பாதுகாப்பிலும் நம்மவர் பங்கு பெரிது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து மரத்தினுள் செலுத்தும் முறையை டேராடூனில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933-இல் கண்டுபிடித்தார். மழைநீரில் கரைந்து வெளியேறாமல் மரத்துக்குள்ளேயே நிலைபெறுவது இதன் சிறப்பு. பின்னர் உலகெங்கும் தந்திக் கம்பங்களும் மின்கம்பங்களும் இம்முறையில் பதப்படுத்தப்பட்டன. ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை கருதி 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து இது விலக்கப்பட்டது. ஒரு காலத்தின் சோதனை முடிவு அடுத்த காலத்தின் சோதனையால் திருத்தப்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொரு செய்தி பலருக்கும் தெரியாதது. பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஆணிகளால் இணைத்து உத்தரமாக்கும் முறைக்கு இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 4983 என்ற எண்ணில் 1968-இலேயே வெளியாயிற்று. 20 மில்லிமீட்டர் முதல் 30 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள சிறு பலகைகளைக் கொண்டு நீண்ட இடைவெளியைத் தாண்டும் உத்தரம் செய்யலாம் என்பதே இதன் கருத்து. இன்று மேலை நாடுகளில் அடுக்கு மரக் கட்டுமானத்தின் ஒரு வகையாகப் போற்றப்படும் ஆணியடுக்கு முறையும் இதனை ஒத்ததே. பெரிய மரம் கிடைக்காத ஏழை நாட்டின் சிக்கனத்திலிருந்து நாம் கண்ட வழி, காடு செழித்த செல்வ நாடுகளில் வேறு காரணத்தால் இன்று வழக்கிற்கு வந்திருக்கிறது.

இடைவெளி ஏற்பட்ட விதம்

இவ்வளவு முன்னதாகத் தொடங்கிய பணி ஏன் தேங்கியது? விடை ஆய்வகத்தில் இல்லை, காட்டில் இருக்கிறது. காடுகள் அழிவதைக் கண்டு அரசு கட்டுப்பாடுகளை மேற்கொண்டது. 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, காட்டின் முதற்பயன் சூழல் பாதுகாப்பே என்று அறிவித்தது. 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைத் தவிர்க்க முடிவு செய்தது. 1996-இல் கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, மரம் வெட்டுவதையும் மரம் அறுக்கும் ஆலைகளையும் கடுமையாக நெறிப்படுத்திற்று. இவை யாவும் தேவையான நடவடிக்கைகளே.

ஆனால் இவற்றுக்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. அரசு வாங்காத பொருளுக்குப் பொறியாளர் வடிவமைப்புச் செய்வதில்லை. பொறியாளர் கேட்காத பாடத்தைக் கல்லூரி நடத்துவதில்லை. கல்லூரி நடத்தாத பாடத்துக்கு ஆய்வுக்கூடம் புதுக்கருவி வாங்குவதில்லை. சிவில் பொறியியல் மாணவர் எஃகையும் கான்கிரீட்டையும் பல பருவங்கள் கற்கிறார். மரத்தைப் பற்றி ஓரிரு வகுப்புகளில் கேட்டால் அதிகம். ஜன்னலிலும் கதவிலும் மரத்தின் இடத்தை அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பிடித்தன. எஞ்சிய தேவைக்கு வெளிநாட்டு மரம் வந்தது. 2014-இல் பர்மா தன் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியபோது, அதனை நம்பியிருந்த தேக்கு வணிகம் திணறியது.

2020-இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் பழைய தடையை விலக்கிக்கொண்டது. உழவர்கள் தம் நிலத்தில் வளர்க்கும் மரத்துக்குச் சந்தை வேண்டும் என்ற கருத்தும், வளர்ந்து வரும் பொருளான மரமே சூழலுக்கு உகந்தது என்ற கருத்தும் இம்மாற்றத்துக்குக் காரணங்கள். தடை நீங்கிவிட்டது. ஆனால் ஏறத்தாழ 27 ஆண்டுகள் பயன்படாதிருந்த திறன், ஒரு சுற்றறிக்கையால் மீண்டுவிடாது.

எவற்றைச் சோதிக்க வேண்டும்?

முதலாவது வலிமை. இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 1708, கணுவோ வெடிப்போ இல்லாத சிறு மாதிரிகளைச் சோதிக்கும் முறையை வகுத்துள்ளது. 5 சென்டிமீட்டர் சதுர வெட்டும் 75 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டு, அல்லது 2 சென்டிமீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டு வளைத்துப் பார்க்கப்படுகிறது. இவ்வாறு பெற்ற முடிவுகளைக் கொண்டு ஐ.எஸ். 883 கட்டட மரங்களை மூன்று பிரிவுகளாக வகுக்கிறது. நெகிழ்ச்சிக் கெழு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 12,600 நியூட்டனுக்கு மேற்பட்டவை முதற்பிரிவு. 9,800 முதல் 12,600 வரை இரண்டாம் பிரிவு. 5,600 முதல் 9,800 வரை மூன்றாம் பிரிவு.

குறையற்ற சிறு துண்டு மரத்தின் இயல்பைச் சொல்லும். உத்தரத்தின் இயல்பை முழுதும் சொல்லாது. உத்தரத்தில் கணு உண்டு, சாய்ந்த இழை உண்டு, உலரும்போது தோன்றிய வெடிப்பும் உண்டு. ஆதலால் முழு அளவு உத்தரங்களையே முறித்துப் பார்க்கும் சோதனை தேவை. அதற்கு ஐ.எஸ். 2408 வழி கூறுகிறது. ஆனால் பல மீட்டர் நீளமுள்ள உத்தரங்களை நூற்றுக்கணக்கில் முறிப்பதற்குப் பெரிய எந்திரமும், இடமும், பணமும் வேண்டும்.

இரண்டாவது ஈரம். மரம் சுற்றுப்புறக் காற்றின் ஈரத்துக்கேற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ளும். வட இந்தியாவின் கடுங்கோடையில் 5 சதவிகித அளவுக்கு உலரும் மரம், கடற்கரை நகரங்களின் மழைக்காலத்தில் 18 சதவிகிதம் அல்லது அதற்கு மேலும் ஈரம் கொள்ளக்கூடும். ஈரத்தோடு மரம் வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நம் நாட்டைக் காற்றின் ஈரத்தைப் பொறுத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்தப் பயனுக்கு எவ்வளவு உலர்ந்த மரம் வேண்டும் என்று ஐ.எஸ். 287 குறிப்பிடுகிறது. குளிர் நாட்டில் பல ஆண்டுகள் நிலைத்த பாளம் மும்பையிலோ நாகப்பட்டினத்திலோ அவ்வாறே நிலைக்கும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை. இங்கேயே, இந்தக் காற்றிலேயே, பல பருவங்கள் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது பசை. அடுக்கு உத்தரத்தின் உயிர் பசையில் உள்ளது. ஒட்டிய துண்டை நீரில் ஊறவைத்து, வெற்றிடத்திலும் அழுத்தத்திலும் மாறிமாறி வைத்து, பின் உலர்த்தி, ஒட்டுக்கோடு எவ்வளவு பிரிந்தது என்று அளப்பது வழக்கம். கடல்சார் ஒட்டுப்பலகைக்குரிய ஐ.எஸ். 710 தரக்குறிப்பு, மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. தேக்கு போன்ற எண்ணெய்ப் பசை மிகுந்த மரங்களில் ஒட்டு எளிதில் பிடிப்பதில்லை. எனவே மேலை நாட்டு ஊசியிலை மரங்களுக்கென அமைந்த பசை விதிகளை நம் மரங்களுக்கு அப்படியே எடுத்தாள முடியாது.

நான்காவது தீ. மரம் எரியும் என்பதால் மரக் கட்டடம் ஆபத்தானது என்பது பொதுமக்கள் கருத்து. கனமான மரம் எரியும் விதம் வேறு. வெளிப்புறம் கரியாகி, அக்கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிவிடும். ஐரோப்பிய விதிப்படி ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வேகத்தில் கரியாகிறது. ஒரு மணி நேரத்தில் இது ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் அகலமும் 400 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள உத்தரம் இருபுறமும் அடியிலும் ஒரு மணி நேரம் எரிந்தால், 122 மில்லிமீட்டர் அகலமும் 361 மில்லிமீட்டர் ஆழமும் எஞ்சும். கரிக்கு அடுத்த மெல்லிய அடுக்கும் சூட்டால் வலிமை இழப்பதால் அதையும் கழித்து, எஞ்சியது சுமையைத் தாங்குமா என்று கணக்கிட வேண்டும்.

கணக்கு இவ்வளவு எளிதாயினும் சோதனையைத் தவிர்க்க முடியாது. பசை சூட்டில் இளகினால் கரிந்த பலகை கழன்று விழும். புதிய மரம் தீக்கு முகம் காட்டும். அணைந்துகொண்டிருந்த தீ மீண்டும் மூளும். அமெரிக்காவில் முழு அறைகளைக் கட்டி எரித்துப் பார்த்த ஆய்வுகள் இதனை வெளிப்படுத்தின. அதன் விளைவாக 2018-இல் அந்நாட்டின் தரக்குறிப்பு திருத்தப்பட்டு, சூட்டைத் தாங்கும் பசை கட்டாயமாயிற்று. பின்னர் 2021-ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டட விதிகள் 18 மாடி வரையில் மரக் கட்டடங்களுக்கு இடமளித்தன. முதலில் சோதனை, பிறகு விதி, அதன் பின் அனுமதி என்ற வரிசை இங்குக் கவனிக்கத்தக்கது.

ஐந்தாவது நிலநடுக்கம். மரம் இலேசானது, ஆதலால் அதிர்வின்போது அதன்மீது விழும் விசை குறைவு. ஆனால் மரக் கட்டடம் இணைப்புகளில்தான் முறியும். ஜப்பானில் மிகி நகரில் உள்ள 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட அதிர்வு மேடை 1,200 டன் வரை தாங்கவல்லது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் ஏழு மாடிக் குறுக்கடுக்கு மரக் கட்டடம் ஒன்றை அம்மேடையில் குலுக்கிப் பார்த்தனர். 2023-இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் பத்து மாடி மரக் கட்டடம் ஒன்று திறந்தவெளி அதிர்வு மேடையில் சோதிக்கப்பட்டது.

ஆறாவது உயிரினங்கள். கறையானும், மரம் துளைக்கும் வண்டும், பூஞ்சையும் வெப்ப நாடுகளின் தனிச் சோதனைகள். இவற்றில் பிற நாட்டு ஆய்வுகள் நமக்குப் பெரிதும் உதவா.

இன்றுள்ள வசதிகள்

டேராடூன் நிலையத்தை அடுத்துக் குறிப்பிடத்தக்கது பெங்களூரு. மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிலையம், மரத்தின் பண்புகள், உலர்த்தல், பாதுகாப்பு ஆகியவற்றில் ஆய்வும் பயிற்சியும் நடத்துகிறது. 1962-இல் ஒட்டுப்பலகைத் தொழிலதிபர்களின் கூட்டுறவு ஆய்வகமாகப் பிறந்த இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிலையம், பசை ஆராய்ச்சியிலும் மூங்கில் பலகைகளிலும் பெயர் பெற்றது. ரூர்க்கியில் 1947-இல் தொடங்கிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் தீத்தடுப்பு ஆய்வில் நீண்ட அனுபவம் உடையது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் 4 மீட்டர் சதுரமும் 30 டன் தாங்குதிறனும் கொண்ட அதிர்வு மேடையும், பெங்களூரு மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தில் 3 மீட்டர் சதுரமும் 10 டன் தாங்குதிறனும் கொண்ட மேடையும் உள்ளன.

இவை ஒன்றுசேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிலையமும் பிரிட்டனின் மர ஆராய்ச்சி அமைப்பான டிராடாவும் இணைந்து மூங்கில் வீடு ஒன்றை வடிவமைத்தன. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதன் முழு அளவு மாதிரி பெங்களூரு அதிர்வு மேடையில் ஏற்றப்பட்டது. நாட்டின் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டல நிலநடுக்கத்துக்கு நிகரான அதிர்வுகளைப் பலமுறை கொடுத்தும் அந்த வீடு சேதமின்றி நின்றது. ஏழைகளின் பொருள் என்று ஒதுக்கப்பட்ட மூங்கிலுக்கு அன்றே ஒரு பொறியியல் சான்று கிடைத்துவிட்டது. ஒரு நிலையத்தின் பொருள் அறிவும் மற்றொரு நிலையத்தின் கருவியும் கைகோத்ததால் விளைந்த பயன் இது.

விதிகளும் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித் தொகுப்பின் ஆறாம் பகுதியில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனிப் பிரிவு உண்டு. பசையடுக்கு உத்தரங்களும் அதில் இடம்பெறுகின்றன. மெல்லிய மரத் தகடுகளை அடுக்கிச் செய்யும் கட்டைகளுக்கு ஐ.எஸ். 14616 உண்டு. நம் குறை, சோதனை எந்திரங்கள் இல்லாமை மட்டுமன்று. அவை தனித்தனியே நிற்பதே பெருங்குறை. மரத்தை அறிந்தவர் டேராடூனில், பசையை அறிந்தவர் பெங்களூருவில், தீயை அறிந்தவர் ரூர்க்கியில், அதிர்வை அறிந்தவர் தரமணியில். நம் மலைவேம்பில் செய்த ஒரே பாளம் இந்நான்கு வாயில்களையும் கடந்து, ஒரே சான்றிதழுடன் வெளிவர வழியமைக்க வேண்டும்.

டிராம்பேயின் பங்கு

மரத்துக்கும் அணுசக்திக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவலாம். தொடர்பு உண்டு. மரத்தின் நுண்ணறைகளில் உள்ள காற்றை வெளியேற்றி, அவ்விடத்தில் திரவ நிலையிலுள்ள பிளாஸ்டிக் மூலப்பொருளை நிரப்பி, கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிர்களைப் பாய்ச்சினால் அத்திரவம் உள்ளேயே திடமாகிவிடும். இவ்வாறு பிறக்கும் மரப் பிளாஸ்டிக் கலவை கடினமானது. நீரை மெதுவாகவே ஏற்கும். டிராம்பே விஞ்ஞானிகள் இத்துறையில் ஆய்வுகள் நடத்தியுள்ளனர். மருத்துவப் பொருள்களைக் காமாக் கதிர்களால் தூய்மைப்படுத்தும் ஐசோமெட் நிலையம் 1974-இல் டிராம்பேயில் செயற்படத் தொடங்கியதிலிருந்து, பெருமளவில் கதிரூட்டும் அனுபவமும் அங்குச் சேர்ந்துள்ளது. பிரான்சில் கிரெனோபிள் அணு ஆராய்ச்சி மையம், நீரில் ஊறிச் சிதைந்த தொன்மையான மரப் பொருள்களைப் பிசின் ஊட்டிக் காமாக் கதிரால் உறுதிப்படுத்தி வருவது இதற்கு ஒப்பானது.

இம்முறையால் மாடிக் கட்டடங்களே எழும் என்று எதிர்பார்ப்பது மிகையாகும். வைரம் பாய்ந்த உள்மரத்தில் திரவம் எளிதில் புகாது. மூலப்பொருளின் விலையும் அதிகம். கதிரின் அளவு மிகுந்தால் மரத்தின் நார்ப்பொருளே சிதையும். தேய்மானம் மிகுந்த தரை, படிக்கட்டு, கைப்பிடி போன்றவற்றுக்கே இது பொருந்தும். உண்மையில் டிராம்பே போன்ற மையங்கள் இத்துறைக்கு அளிக்கக்கூடிய பெரிய கொடை, பொருளை உடைக்காமல் உள்ளே பார்க்கும் கலையாகும். மீயொலி, ஊடுகதிர், காமாக் கதிர் ஆகியவற்றால் பற்றவைப்பின் உட்குறையை அறியும் முறைகளைச் சற்று மாற்றினால் உத்தரத்தின் உட்பொந்தையும், ஒட்டுக்கோட்டின் இடைவெளியையும் அறியலாம். மாட்டுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டமைப்புப் பொறியியல் அறிவும், 1933-இல் தோன்றிய வேதியியல் தொழில்நுட்ப நிலையத்தின் பிசின் அறிவும் இதனோடு இணையுமாயின், சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே ஒரு மரச் சோதனைக் குழுமம் உருவாகிவிடும்.

மும்பைக்கு இதன் தேவை ஏட்டளவில் நிற்பதன்று. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பழுதுபார்ப்பு வாரியத்தின் பொறுப்பில் வந்த தீவு நகரக் கட்டடங்கள் ஏறத்தாழ 19,600. அவற்றுள் பல, மரச் சட்டங்களும் மரத் தளங்களும் கொண்டவை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவற்றில் குடியிருப்போர் அச்சத்தோடு வாழ்கின்றனர். சுவரில் புதைந்துள்ள உத்தர முனைதான் முதலில் மக்கும். கண்ணுக்குத் தெரிவதும் அதுதான் இல்லை. ஒலியலை செல்லும் வேகத்தை அளந்தோ, மெல்லிய ஊசித் துளையிட்டு அதன் தடையை அளந்தோ இதனைக் கண்டறிய முடியும். எந்த வீட்டை உடனே காலி செய்ய வேண்டும், எதனை இரண்டு உத்தரங்களை மாற்றிக் காப்பாற்றலாம் என்று பிரித்தறிவது இங்கு உயிர்ப் பிரச்சினை. காரணமின்றி வெளியேற்றப்படும் குடும்பமும் இழப்புக்கு உள்ளாகிறது. காரணம் தெரியாமல் தங்கிவிடும் குடும்பமும் இழப்புக்கு உள்ளாகிறது.

செலவை யார் ஏற்பது?

பொருளாதார நோக்கில் சோதனை ஒரு பொதுப் பண்டம். ஒரு தொழிலதிபர் தன் செலவில் தைலமரத்தின் வலிமையை நிறுவினால், அந்த அறிவைப் போட்டியாளரும் செலவின்றிப் பயன்படுத்துவார். எனவே தனியார் எவரும் முன்வருவதில்லை. சோதனை இல்லாத சந்தையில் வேறொரு கேடும் விளைகிறது. நல்ல மரம் எது, தாழ்ந்த மரம் எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் இரண்டுக்கும் நடுவான விலையே தருவார். அவ்விலை கட்டுப்படியாகாத நல்ல மரம் சந்தையை விட்டு நீங்கும். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய மோட்டார் கார் வணிகத்தைக் கொண்டு விளக்கிய இவ்வுண்மை நம் மரக்கடைகளுக்கும் பொருந்தும்.

இதன் சுமை இறுதியில் உழவர் மீது விழுகிறது. தமிழ்நாட்டில் சவுக்கு, தைலமரம், மலைவேம்பு ஆகியவற்றைப் பயிரிடும் உழவர் எடைக்கணக்கில் விற்கிறார். அதே மரம் வலிமைத் தரம் குறிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, கட்டட மரமாக விற்கப்படுமாயின் விலை வேறு. கேரளத்து ரப்பர் மரம் இதற்குச் சான்று. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்கும் பொதிப்பெட்டிக்குமே பயன்பட்டது. வெட்டிய உடனே போரான் உப்புகளால் பதப்படுத்தி, முறையாக உலர்த்தினால் வண்டும் பூஞ்சையும் அண்டா என்று ஆய்வு காட்டிய பின்னர், அது மேசையும் நாற்காலியுமாக மாறிற்று.

செய்ய வேண்டியவை

முதற்பணி, மிகக் குறைந்த செலவில் முடியும் பணி: மரம் தரம் பிரிப்போருக்குப் பயிற்சி. கட்டட மரத்தின் கணு, வெடிப்பு, இழைச்சாய்வு ஆகியவற்றைக் கண்ணால் கண்டு தரம் பிரிக்கும் முறையை ஐ.எஸ். 3629 வகுத்துள்ளது. பயிற்சி பெற்ற கண்ணும் ஓர் அளவுகோலும் ஈரமானியும் இருந்தால் இதனை அறுவை ஆலையிலேயே செய்யலாம். தலைமுறை அனுபவம் உள்ள தச்சர்களே இப்பயிற்சிக்கு முதற்தகுதி உடையவர்கள்.

இரண்டாவதாக, தோட்ட மரங்களின் முழு அளவு வலிமைச் சோதனையை அரசுச் செலவில் நடத்தி, முடிவுகளை யாவரும் காண வெளியிட வேண்டும். டேராடூன் பட்டியல்களுக்கு அடிப்படையான மரங்கள் பெரும்பாலும் முதிர்ந்த காட்டு மரங்கள். இன்று சந்தைக்கு வருவதோ சில ஆண்டுகளே வளர்ந்த தோட்ட மரம்; இளமரத்தின் பண்புகள் வேறானவை.

மூன்றாவதாக, உலகின் பெரிய அதிர்வு மேடையோடு போட்டியிடுவது நமக்கு இப்போது தேவையில்லை. இணைப்புகளையும் தனிச் சுவர்களையும் சோதிப்பதற்கு நம்மிடம் உள்ள மேடைகளும் விசைத் தாங்கிச் சுவர்களும் போதுமானவை. அவற்றில் ஆண்டுக்குச் சில வாரங்கள் மரத்துக்கென ஒதுக்கப்பட்டால் போதும்.

நான்காவதாக, ஈரமும் வெப்பமும் உப்புக்காற்றும் நிறைந்த கடற்கரையில் நீண்டகால வெளிவெளிச் சோதனைத் திடல் ஒன்று அமைய வேண்டும். சுமையேற்றிய உத்தரம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தொய்கிறது, கறையான் எங்கே நுழைகிறது, பசை எப்போது விடுகிறது என்பவற்றை அவசரப்பட்டு அறிய முடியாது. இன்று தொடங்கினால்தான் பத்தாண்டு கழித்து விடை கிடைக்கும்.

ஐந்தாவதாக, பொறியியல் கல்லூரிகளில் மர வடிவமைப்பை ஒரு முழுப் பாடமாக மீண்டும் நடத்த வேண்டும். வடிவமைப்பவர் இல்லாமல் எவ்வளவு சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

மரக் கட்டடம் எல்லா இடத்துக்கும் ஏற்றதென்றோ, கான்கிரீட்டை அகற்றிவிடுமென்றோ கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. நம் நாட்டில் மரம் இன்றும் அரிய பொருள். அரிய பொருளை அளந்து பயன்படுத்த வேண்டும். ஓர் உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று தெரியாதவர் அச்சத்தால் இரு மடங்கு மரம் இடுகிறார். அல்லது துணிச்சலால் பாதி மரம் இடுகிறார். முன்னது காட்டுக்குக் கேடு, பின்னது குடியிருப்போருக்குக் கேடு. இவ்விரு கேடுகளையும் தவிர்க்கச் சோதனைக் கூடத்துக்கு ஆகும் செலவு, கட்டடச் செலவில் மிகச் சிறிய பங்கே. அதனை வீண் செலவாகக் கருதாமல், கட்டடத்தின் அடித்தளச் செலவாகவே கொள்வது திட்டமிடுவோரின் கடமையாகும்.